மின்னணுப் போர் என்றால் ஜாமர் மட்டும்தானா?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. தஞ்சாவூரில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறீர்கள், தலைக்கு மேல் சுகோய் போர் விமானம் பறக்கிறது, செய்தியைத் திறந்தால் ‘மின்னணுப் போர்’ என்று வருகிறது. எதிரியின் ரேடாரை ஜாமர் (இரைச்சல் அலை வீசி அமுக்கும் கருவி) போட்டு மூடுவதுதான் அதுவா என்பது ஒன்று. நாகை அக்கரைப்பேட்டையில் அப்பாவின் விசைப்படகில் இருக்கும் ஜிபிஎஸ்ஸையும் இப்படிக் கெடுக்க முடியுமா என்பது இன்னொன்று. ரேடார் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் முதல் கேள்வியின் வழியாகத்தான் அதற்குப் போக முடியும்.

ஜாமர் ஒரு பகுதிதான். அதுவும் இரண்டாவதாக வருவது. முதலில் வருவது கேட்பது. எதிரி எந்த அதிர்வெண்ணில், எங்கிருந்து, எப்போது அலை வீசுகிறான் என்று தெரியாமல் ஜாமரை இயக்குவது மின்சாரத்தை வீணாக்கும் வேலை. சில நேரம் உயிரையும் வாங்கும்.

ஏன் என்று புரிய ரேடாரிலிருந்து தொடங்குவோம். காரைக்காலில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் ஒன்று இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்த கஜா புயலை அதுவும் பின்தொடர்ந்தது. அது செய்வதும் போர்க்கப்பலின் ரேடார் செய்வதும் அடிப்படையில் ஒரே வேலை: குறுகிய ரேடியோ துடிப்பு ஒன்றை அனுப்பு, எதிரொலிக்குக் காத்திரு, வந்து சேர்ந்த நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடு. ஒரு மைக்ரோ விநாடி தாமதம் என்றால் பொருள் 150 மீட்டரில் இருக்கிறது.

இதில் ஒரு பெரிய அநியாயம் உண்டு. ரேடாரின் அலை பொருளைத் தொடப் போகும்போது தூரத்தின் இருமடியில் மெலிகிறது; அதாவது தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகிவிடும். எதிரொலியாகத் திரும்பும்போது இன்னொரு முறை இருமடியில் மெலிகிறது. ஆக ரேடாருக்குக் கிடைப்பது தூரத்தின் நான்மடியில் மெலிந்த சிறு துளி; தூரம் இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்கு. ஆனால் அங்கே நிற்கும் எதிரிக்கு ஒருவழிப் பயணம் மட்டும்தான். அவனிடம் வெறும் ஒரு அலை வாங்கி (ரிசீவர்) இருந்தால் போதும், ரேடார் அவனைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அவன் ரேடாரைக் கேட்டுவிடுவான். ராத்திரி தண்ணீர் கட்டப் போகிறவர் வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு வந்தால் அவருக்குப் பத்தடிக்கு முன்னால் இருக்கும் மடைதான் தெரியும்; அவர் வருவது மூன்று வயல் தள்ளி நிற்பவருக்கும் தெரியும். மின்னணுப் போரின் பெரும்பகுதி இந்த ஒரு உண்மையிலிருந்து பிறந்தது. அலை வீசாமல் எதையும் பார்க்க முடியாது, பேச முடியாது. வீசினால் நீ இருக்கும் இடம் தெரிந்துவிடும்.

இதற்கு நம் கடற்கரைக்குப் பழக்கமான உதாரணமே இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டனைத் தெரியாதவர் இல்லை. வங்கக் கடலில் அது பிடிபடாமல் சுற்றியதற்குக் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் துணிச்சல் ஒரு காரணம் என்றால், கம்பியில்லாத் தந்தியில் அவர் காட்டிய கட்டுப்பாடு இன்னொரு காரணம். எம்டன் பேசாது, கேட்கும். அதைத் தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல் ஹாம்ப்ஷயரின் சமிக்ஞை எவ்வளவு பலமாக வருகிறது என்பதை வைத்தே அது பக்கத்தில் இருக்கிறதா, விலகிப் போகிறதா என்று ஊகித்தார்கள்.

எம்டன் மாட்டியதும் அதே வழியில்தான். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்கப் போனது. தனக்குக் கரி கொண்டுவரும் துணைக் கப்பலைக் கூப்பிடக் கம்பியில்லாத் தந்தியைத் திறந்தது. அந்தப் புதுச் சமிக்ஞை தீவு நிலையத்தின் காதில் விழுந்தது. ‘தெரியாத கப்பல் நுழைவாயிலில் நிற்கிறது’ என்று நிலையத்தார் அவசரச் செய்தி விட்டார்கள். எம்டன் உடனே தன் கருவியால் இரைச்சல் கிளப்பி அதை அமுக்கப் பார்த்தது, முடியவில்லை. சுமார் 50 கடல் மைல் தள்ளி, படைவீரர்களை ஏற்றிவந்த கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்துகொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி திரும்பி வந்தது. அன்றைக்கே எம்டன் கதை முடிந்தது. கேட்பது, மௌனம் காப்பது, பேசி மாட்டுவது, ஜாமிங் செய்து தோற்பது என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயமாக வரும் அத்தனையும் அந்தச் சில வாரத்துக்குள் நடந்திருக்கிறது. மாணவர்களுக்கு நான் எப்போதும் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இன்றைக்குக் கேட்கும் வேலை கருவிகளுடையது. போர் விமானத்தில் ரேடார் எச்சரிக்கை வாங்கி என்று ஒன்று இருக்கும். வருகிற துடிப்பின் அதிர்வெண் என்ன, துடிப்பு எவ்வளவு அகலம், இரண்டு துடிப்புக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, ஆண்டெனா எத்தனை விநாடிக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று அளக்கும். தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடும். ‘இது தேடும் ரேடார், தூரத்தில் இருக்கிறது’ என்பதும், ‘இது ஏவுகணையை வழிநடத்தும் ரேடார், உன்னைப் பூட்டிவிட்டது’ என்பதும் விமானிக்கு வேறு வேறு ஒலியாக வரும். அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் கருவிக்கு வேலையே இல்லை. அதைச் சேர்ப்பதற்காகத்தான் அமைதிக் காலத்திலேயே நாடுகள் ஒன்றை ஒன்று ஒட்டுக் கேட்கின்றன. 2019 ஏப்ரல் 1 அன்று இஸ்ரோ பிஎஸ்எல்வி சி45 ராக்கெட்டில் அனுப்பிய 436 கிலோ எமிசாட், மின்காந்த அலைகளை அளப்பதற்கான செயற்கைக்கோள்.

பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும்? 1973 அரபு-இஸ்ரேல் போரில் எகிப்தும் சிரியாவும் சோவியத் எஸ்ஏ-6 ஏவுகணையைக் களமிறக்கின. அது இலக்கைக் காட்ட, விட்டு விட்டு வரும் துடிப்புக்குப் பதிலாகத் தொடர் அலையைப் பயன்படுத்தியது. இஸ்ரேலிய விமானங்களின் எச்சரிக்கை வாங்கிகள் அதைக் கேட்கும்படி அமைக்கப்படவில்லை. முதல் நாட்களிலேயே இஸ்ரேல் ஏராளமான விமானங்களை இழந்தது.

சரி, ஜாமிங்குக்கு வருவோம். பலர் புரிந்துகொள்ளாத ஒன்று: ஜாமர் கெடுப்பது அலை வாங்கும் கருவியை, அனுப்பும் கருவிக்கு ஒன்றும் ஆகாது. வேதாரண்யம், கோடியக்கரை பக்கம் எஃப்எம் ரேடியோவைத் திருப்பினால் கடல் தாண்டி இலங்கை நிலையங்கள் வரும். கடல் மேல் காற்று அடுக்குகள் வாகாக அமைகிற நாளில், அதே இடத்தில் வந்துகொண்டிருந்த நம் ஊர் நிலையத்தையே அமுக்கிவிட்டு அது பாடும். இங்கே நம் நிலையத்தின் டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் ரேடியோ இருக்கும் இடத்தில் எந்த அலை பலமோ அதை அது பிடித்துக்கொள்கிறது. ராணுவ ஜாமரும் இதைத்தான் திட்டமிட்டுச் செய்கிறது. எதிரியின் காது எங்கே இருக்கிறதோ அங்கே, அவன் எதிர்பார்க்கும் சமிக்ஞையைவிட நம் இரைச்சல் பலமாக விழ வேண்டும். அதனால் ஜாமரின் வாட் கணக்கு மட்டும் ஒன்றும் சொல்லாது. யார் யாருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதுதான் தீர்மானிக்கும்.

ரேடார் விஷயத்தில் இந்தத் தூரக் கணக்கு அழகானது. எதிரொலி நான்மடியில் மெலியும் என்றேன். ஜாமரின் அலை ஒருவழியாக வருவதால் இருமடியில்தான் மெலியும். அதனால் தூரத்தில் வரும் விமானம் சின்ன ஜாமரை வைத்துக்கொண்டே பெரிய ரேடாரை மூடிவிடலாம். ஆனால் அந்த விமானம் 80 கிலோமீட்டரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு வந்தால் ஜாமர் இரைச்சல் 4 மடங்கு கூடும், எதிரொலியோ 16 மடங்கு கூடும். நெருங்க நெருங்க எதிரொலி இரைச்சலைத் துளைத்துக்கொண்டு மேலே வரும் ஒரு இடம் கட்டாயம் உண்டு. அதற்குள் விமானம் தன் வேலையை முடித்துத் திரும்பியிருக்க வேண்டும். ஜாமர் என்பது எதிரியை நிரந்தரமாகக் குருடாக்கும் மந்திரம் கிடையாது. அது சில நிமிடம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

ரேடாரும் சும்மா இருக்காது. துடிப்புக்குத் துடிப்பு அதிர்வெண்ணை மாற்றும். ஜாமருக்கு அடுத்தது எங்கே வரும் என்று தெரியாது. 10 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் குவித்த சக்தியை 500 மெகாஹெர்ட்ஸ் முழுக்கப் பரப்ப வேண்டியதாகிவிடும். ஒவ்வொரு இடத்திலும் விழும் இரைச்சல் ஐம்பதில் ஒரு பங்காகிவிடும்.

அதனால்தான் இரைச்சலைவிட ஏமாற்றுதல் நுட்பமான கலை. நவீன ஜாமர் ரேடாரின் துடிப்பை வாங்கி, டிஜிட்டலாக நினைவில் வைத்து, அச்சு அசலாகத் திருப்பி அனுப்பும். முதலில் உண்மையான எதிரொலியோடு சேர்த்தே, ஆனால் கொஞ்சம் பலமாக. ரேடார் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஜாமர் துளித் துளியாகத் தாமதத்தைக் கூட்டும். ஒரு மைக்ரோ விநாடி கூட்டினால் பொய் விமானம் 150 மீட்டர் பின்னால் நகரும். ரேடார் பொய்யின் பின்னாலேயே போகும். போதுமான தூரம் இழுத்துப் போனதும் ஜாமர் வாயை மூடிக்கொள்ளும். ரேடார் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்; மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

கருவியே இல்லாத ஏமாற்றும் உண்டு. 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது பிரிட்டிஷ் விமானங்கள் அலுமினியத் தாள் துண்டுகளைக் கட்டுக்கட்டாகக் கொட்டின. நீளம் சுமார் 27 சென்டிமீட்டர். ஜெர்மானிய வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் சுமார் 53 சென்டிமீட்டர். அலைநீளத்தில் பாதி இருக்கும் உலோகத் துண்டு மிக நன்றாக எதிரொலிக்கும். ரேடார் திரைகளில் ஆயிரக்கணக்கில் விமானங்கள் தெரிந்தன. இந்த யுக்தி இரண்டு பக்கத்துக்கும் முன்பே தெரியும். நாம் பயன்படுத்தினால் அவனும் கற்றுக்கொள்வானே என்ற பயத்தில் இரண்டு பேரும் ஒளித்து வைத்திருந்தார்கள். இந்தத் துறையில் எந்தத் தந்திரமும் முதல் தடவைதான் முழு விலை போகும்.

நம் கடற்படையின் ஏமாற்று ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1971 போரின்போது பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வங்கக் கடலுக்கு வந்தது. விக்ராந்த் அந்தமான் பக்கம் ஒதுங்கியிருந்தது. கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், ராஜ்புத் என்ற பழைய கப்பலை விசாகப்பட்டினத்துக்கு வெளியே அனுப்பி, பெரிய கப்பல் ஒன்று இருப்பது போலத் தோன்றும் அளவுக்குக் கம்பியில்லாத் தந்திப் போக்குவரத்தை உண்டாக்கச் சொன்னார். காஸி விசாகப்பட்டினத்துக்கே வந்தது. டிசம்பர் 3-4 இரவு அங்கேயே மூழ்கியது. எதிரி நம்மைக் கேட்கிறான் என்று தெரிந்தால், அவன் காதுக்கு என்ன போட வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம்.

இன்னொரு ஆபத்து: ஜாமரே ஒரு கலங்கரை விளக்கம். அதைக் குறிவைத்து வரும் ஏவுகணைகள் உண்டு. ரேடாரின் அலையைப் பிடித்துக்கொண்டே அதன்மேல் விழும் ஏவுகணைகளும் உண்டு. தஞ்சாவூர் தளத்தில் 2020 ஜனவரியில் வந்து சேர்ந்த 222ஆம் படைப்பிரிவு ஓட்டுகிற அதே சுகோய்-30 எம்கேஐ வகை விமானத்திலிருந்துதான், அந்த ஆண்டு அக்டோபர் 9 அன்று நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ருத்ரம்-1 ஒடிசா கடற்கரையில் சோதிக்கப்பட்டது. ரேடாரை அழிக்கும் நம் முதல் சொந்த ஏவுகணை அது. இப்படி ஒன்று வருகிறது என்றாலே எதிரி ரேடாரை அணைத்துவிடுவான். அணைத்த ரேடாரும் குருட்டு ரேடார்தான். நமக்கு அதுவே போதும்.

பாதுகாப்பு என்பது மூன்றாவது பகுதி. அதிர்வெண் தாவுவது, குறுகிய கற்றையாக வீசுவது, தேவையில்லாதபோது மௌனமாக இருப்பது எல்லாம் இதில் வரும். உக்ரைனில் ரேடியோ டிரோன்களை ஜாமர்கள் வீழ்த்தத் தொடங்கியதும், இரண்டு பக்கமும் பல கிலோமீட்டர் நீள ஒளியிழையைப் பின்னால் அவிழ்த்துவிட்டுக்கொண்டே பறக்கும் டிரோன்களுக்குப் போய்விட்டன. ரேடியோவே இல்லையென்றால் எதை ஜாம் செய்வது?

ஆனால் இந்தப் பகுதியில் நீங்கள் மறக்கக் கூடாத ஒரு பெயர் ஷெஃபீல்டு என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல். 1982 மே 4, ஃபாக்லாந்து போர். அர்ஜென்டினாவின் சூப்பர் எதான்டார் விமானங்கள் கடலை ஒட்டித் தாழப் பறந்து வந்தன. ரேடாரைச் சில கணம் மட்டும் திறந்து மூடின. கிளாஸ்கோ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் அந்தச் சில கணத்தைக் கேட்டுவிட்டது, ஏவுகணையை ஏமாற்ற உலோகத் துகள் மேகத்தைத் தூவியது. ஷெஃபீல்டு அப்போது செயற்கைக்கோள் வழியாகத் தலைமையகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. அந்த அலை சொந்தக் கப்பலின் எச்சரிக்கை வாங்கியையே அமுக்கிவிட்டது. எக்ஸோசெட் ஏவுகணை வந்து தாக்கியது. 20 பேர் இறந்தார்கள். எதிரியின் ஜாமர் ஒன்றும் அங்கே இல்லை. ஒரே கப்பலில் இருக்கும் கருவிகள் ஒன்றை ஒன்று கெடுக்காமல் பார்த்துக்கொள்வது அலுப்பான வேலை, யாரும் கைதட்ட மாட்டார்கள். ஆனால் நீங்கள் இந்தத் துறைக்கு வந்தால், ஐதராபாத்தில் டிஆர்டிஓவின் மின்னணுப் போர் ஆய்வகமான டிஎல்ஆர்எல் ஆகட்டும், பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) ஆகட்டும், இந்த வேலைக்கு நிறைய மதிப்பு உண்டு. ஆண்டெனா, சமிக்ஞைப் பகுப்பாய்வு, நிகழ்தகவு மூன்றையும் தேர்வுக்காக இல்லாமல் ஒழுங்காகப் படியுங்கள்.

இனி அப்பாவின் ஜிபிஎஸ்.

கெடுக்க முடியும், சுலபமாகவே. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. படகின் ஆண்டெனாவுக்கு வந்து சேரும்போது அதன் சக்தி, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடி பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு அளவுதான். இதை அமுக்கப் பெரிய ராணுவ லாரி தேவையில்லை. கையடக்கக் கருவியே சுற்றுவட்டாரத்தைக் கெடுக்கும். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் எந்த ஜாமரையும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம். கல்லூரி பிராஜெக்ட் என்றுகூட அதைக் கட்ட வேண்டாம்.

ஜிபிஎஸ் அமுங்கிப் போனால் திரை காலியாகும், அப்பாவுக்கு உடனே தெரிந்துவிடும். எனக்குப் பயம் அதில் இல்லை, பொய் சமிக்ஞையில்தான். 2017 ஜூனில் கருங்கடலில், ரஷ்யாவின் நோவோரோசிஸ்க் பக்கம் நின்ற 20க்கும் மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், தாங்கள் கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. கடலில் நிற்கும் கப்பலை விமான நிலையத்தில் காட்டினால் யாருக்கும் சந்தேகம் வரும். இரண்டு கடல் மைல் மட்டும் தள்ளிக் காட்டினால்? பாக் நீரிணையில் அந்த இரண்டு மைல் எல்லைக்கோட்டின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வியாகிவிடும். அதற்கு நம் மீனவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று உங்கள் தெருவிலேயே கேட்கலாம்.

நம் கடலில் இப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. போர்ப் பதற்றம் உள்ள கடல்களில் இது சாதாரணமாகிவிட்டது, அதனால் கையில் ஒரு மாற்று இருக்கட்டும் என்கிறேன். அந்த மாற்று உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம், அடியில் சேறா மணலா, வாடையில் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், கோடியக்கரை விளக்கோ நாகூர் மினாராவோ எந்தக் கோணத்தில் தெரிந்தால் எங்கே நிற்கிறோம் என்பதெல்லாம் பெரியவர்களுக்கு மனப்பாடம். இது எந்த ரேடியோ அலையையும் நம்பியிருக்கவில்லை. அதனால் இதை ஜாம் செய்யவே முடியாது. ஆழங்காட்டிக் கருவி காட்டும் அளவும் ஜிபிஎஸ் காட்டும் இடமும் ஒத்துவராவிட்டால் ஆழத்தை நம்பச் சொல்லுங்கள். திசைகாட்டியைக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டாம். புதுக் கருவி வாங்குவதாக இருந்தால் ஜிபிஎஸ்ஸோடு நம் நாட்டின் நாவிக் போன்ற வேறு வழிகாட்டும் செயற்கைக்கோள்களையும், ஒன்றுக்கு மேற்பட்ட அதிர்வெண்ணையும் பிடிக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏமாற்றுவது கடினம்.

கடைசியாக ஒன்று. ஆபத்துக்கால டிரான்ஸ்மிட்டர் படகின் இடத்தை அனுப்புகிறதே, அதற்கும் அந்த இடம் செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்துதான் கிடைக்கிறது. அது ஏமாந்தால் மீட்க வருபவர்களும் தவறான இடத்துக்குத்தான் போவார்கள். ஆகவே விஎச்எஃப் 16ஆம் சேனலிலோ, சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ உதவி கேட்கும்போது, கருவி காட்டும் எண்களோடு நிறுத்தாமல், எத்தனை மணிக்கு எந்தத் துறையிலிருந்து கிளம்பினோம், எந்தத் திசையில் எவ்வளவு நேரம் ஓட்டினோம், இப்போது எத்தனை பாகம் ஆழம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.